பலகையில் நின்றவர்கள்



பரிசளிப்பு விழா என்றாலே பிள்ளைகளின் கண் முதலில் போய் நிற்பது மேடையில் அடுக்கி வைத்திருக்கும் கிண்ணங்களின் மேல்தான். ஓடுகிற பையன், பந்து உதைக்கிற பையன், புத்தகம் பிடித்த பெண்பிள்ளை என்று ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் உயரத்துக்கு ஓர் உருவம் மினுக்கிக்கொண்டு நிற்கும். அதன் காலடியில் இருக்கும் மரக்கட்டையை யாரும் கவனிப்பதில்லை. ஒட்டு விட்டு, உருவம் தனியே கையோடு வந்துவிட்டால்தான், "ஐயையோ, கட்டை எங்கே?" என்று தேடுவோம்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டையைப் பற்றியது. சின்னஞ்சிறு உருவங்களைச் செய்து மரப்பலகையில் ஒட்டி நிறுத்துகிற கைவேலையைப் பற்றியது. "என்னங்க, வரலாறு என்று போட்டுவிட்டுப் பொம்மைக் கதை சொல்றீங்களே?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தப் பொம்மைக் கதைக்கு நாலாயிரம் வயசு. அரசர்களின் கல்வெட்டு சொல்லாத சில சங்கதிகளை இந்தப் பொம்மைகள் சொல்லியிருக்கின்றன. அதில் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நாலாயிரம் ஆண்டு உறங்கிய தொழிலாளிகள்

எகிப்து நாட்டில் மெக்கெட்ரே என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அரசரின் களஞ்சியத்தையும் சொத்துபத்துகளையும் மேற்பார்வை பார்த்தவர். இன்றைக்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவர். தீப்ஸ் நகரத்து மலைச்சரிவில் அவருக்குக் கல்லறை வெட்டியிருந்தார்கள். திருடர்கள் பழங்காலத்திலேயே புகுந்து உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

1920-ஆம் ஆண்டு மார்ச் மாதம். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் வின்லாக் என்ற ஆய்வாளர் அந்தக் காலிக் கல்லறையைச் சுத்தம் செய்து வரைபடம் எடுக்கலாம் என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புதையல் கிடைக்கும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. கல்சல்லியை வாரிக்கொண்டிருந்த தொழிலாளிகள் ஒன்றைக் கவனித்தார்கள். சல்லி ஒரு வெடிப்புக்குள் தானாகச் சரிந்து போய்க்கொண்டிருந்தது! வின்லாக் தரையில் படுத்து, அந்த இடுக்கில் டார்ச் லைட் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சிற்றறை. திருடர் கண்ணில் படாத அறை. அந்த அறை நிறைய மனிதர்கள்! எல்லாம் மரத்தில் செய்த சின்ன மனிதர்கள்.

மொத்தம் 24 மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் மரப்பலகையின் மேல் அமைத்த ஓர் உலகம். நெல் அளப்பது போலத் தானியம் அளந்து, மூட்டை தூக்கிப் படியேறிப் பத்தாயத்தில் கொட்டுகிற ஆட்கள். பக்கத்திலேயே கணக்கு எழுதுகிற எழுத்தர்கள். மாவரைக்கிற பெண்கள். மாவு பிசைகிற ஆண்கள். ரொட்டி அடுப்பு. நூல் நூற்கிற பெண்கள், தரையில் நீட்டிப் போட்ட தறியில் துணி நெய்கிற பெண்கள். தச்சுப் பட்டறை ஒன்று. அதில் பலகையைக் கம்பத்தோடு நிமிர்த்திக் கட்டி ரம்பம் போடுகிற தச்சர். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பட்டறையின் பெட்டியைத் திறந்தால் உள்ளே குட்டிக் குட்டிக் கருவிகள்கூட இருந்தன!

இன்னொன்று மாடு எண்ணும் காட்சி. ஐந்தடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள மாதிரி அது. மெக்கெட்ரே நிழலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மகனும் எழுத்தர்களும். முன்னால் மாடுகள் வரிசையாகப் போகின்றன. மாட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்தும் கம்பை ஓங்கியும் ஓட்டிப் போகிறார்கள். ரொட்டிக் கூடத்தின் வாசலுக்குள் ஒருவர் தடியோடு உட்கார்ந்திருக்கிறார். யார் அவர்? மேற்பார்வைக்காரர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கங்காணி. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் ஒருவர் தடியோடு உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் வேலை செய்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் இதைப் பார்த்தால், "நம்ம பெரட்டு மாதிரியே இருக்கே!" என்று சிரித்திருப்பார்கள்.

இதையெல்லாம் மெக்கெட்ரே ஏன் செய்து வைத்தார்? தொழிலாளியைப் பெருமைப்படுத்தவா? இல்லை. மறு உலகத்திலும் தமக்கு ரொட்டியும் துணியும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று செய்து வைத்தார். செத்த பிறகும் இவர்கள் தமக்கு உழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் வரலாறு வேறு கணக்குப் போட்டது. அவர் உடலைக் காணோம். அவர் செல்வத்தைக் காணோம். அவருக்காக உழைத்த ஏழைகளின் உருவம் மட்டும் மிஞ்சியது. பண்டை எகிப்தில் சாதாரண மனிதன் எப்படி மாவரைத்தான், எப்படி மூட்டை தூக்கினான் என்று இன்றைக்கு உலகம் தெரிந்துகொள்வதற்கு இந்த மாதிரிகள் பெரிய சாட்சி. இப்போது பாதி கெய்ரோவிலும் பாதி நியூயார்க்கிலும் இருக்கின்றன. அந்த மாதிரிகளின் மேல் அவற்றைத் தூக்கி வைத்தவர்களின் விரல் அடையாளம்கூட இருந்ததாக வின்லாக் எழுதி வைத்திருக்கிறார்.

மெக்கெட்ரேயின் காலத்தை ஒட்டியே அஸ்யூத் என்ற ஊரில் மெசெஹ்தி என்றொரு தலைவர் இருந்தார். அவர் கல்லறையில் கிடைத்தவை இரண்டு பலகைகள். ஒன்றில் ஈட்டியும் கேடயமும் பிடித்த 40 எகிப்திய வீரர்கள். மற்றதில் வில்லேந்திய 40 நூபிய வீரர்கள். நான்கு நான்கு பேராகப் பத்து வரிசை. நடை போடுகிற பாவனையில் எல்லார் இடது காலும் முன்னால். இத்தனை காலம் ஆகியும் வரிசை கலையவில்லை. எதனால்? அடிப்பலகையால்!

முளையும் வஜ்ஜிரமும்

பிள்ளைகளே, ஓர் உருவத்தை நிற்க வைப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பாதம் எவ்வளவு சிறியது! உடம்போ மேலே கனமாக இருக்கும். லேசாகத் தட்டினாலும் குப்புற விழும். எகிப்தியத் தச்சர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காலுக்கு அடியில் சின்ன மரமுளை விடுவார். பலகையில் அதற்கேற்ற துளை போடுவார். முளையைத் துளையில் இறுக்கி அடித்துவிட்டால் உருவம் அசையாது. கையைத் தனியாகச் செதுக்கித் தோளில் முளை வைத்துப் பொருத்துவார். பிறகு வெள்ளைச் சாந்து பூசி வர்ணம் தீட்டுவார்.

பசையும் அவர்களுக்குத் தெரியும். மாட்டுத் தோலையும் எலும்பையும் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிக் காய்ச்சி எடுக்கிற பசை. நம் ஆசாரிமார் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, அதேதான். எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் தச்சர் வேலை செய்யும் ஓவியம் இருக்கிறது. அதற்கு வயது சுமார் 3,400 ஆண்டுகளுக்கு மேல். அதில் தீயின் மேல் பசைச் சட்டி கொதிக்கிறது, பார்க்கலாம். வஜ்ஜிரத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. சூடாகப் பூசினால் பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது சூட்டையும் ஈரத்தையும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் பழைய மர சாமான்களைப் பழுதுபார்க்கிறவர்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள்.

மேசைமேல் போர்க்களம்

எகிப்தியர் உருவங்களைச் செய்தது இறந்தவருக்காக. பிற்காலத்து ஐரோப்பியர் அதே வேலையைச் செய்தது போர் படிப்பதற்காக. 1812-இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு மேசையையே மலையும் ஆறும் வயலுமாக அமைத்து, படைகளை நகர்த்தும் விளையாட்டை அரசருக்குச் செய்து கொடுத்தார். 1824-இல் அவர் மகன் அதைச் சீர்திருத்தி வெளியிட்டார். இராணுவ அதிகாரிகள் அதை வைத்துப் பயிற்சி செய்தார்கள்.

பிறகு வந்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. 1815 ஜூன் 18-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை மாதிரியாகச் செய்யும் பொறுப்பு 1830-இல் அவரிடம் வந்தது. மனிதர் சாமானியப்பட்டவர் இல்லை. அந்தப் போர்க்களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளில் உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, "அன்று மாலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள்? எதிரே என்ன இருந்தது?" என்று விசாரித்தார். நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. 1833-இல் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. தம் சொந்தப் பணத்தைப் போட்டு, கடனும் பட்டு வேலையை முடித்தார். ஒரு மைலுக்கு ஒன்பதடி என்ற அளவு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள ஈயப் பொம்மைகள் 70,000-க்கும் மேலே! 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது.

ஆனால் அந்தக் கதையில் ஒரு கசப்பு உண்டு. வாட்டர்லூவில் வென்றது பிரிட்டிஷ் படை மட்டும் இல்லை. சாயங்காலம் பிரஷ்யப் படை வந்து சேர்ந்ததும் வெற்றிக்கு முக்கியக் காரணம். தாம் விசாரித்து அறிந்தபடி சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளையும் நிறையவே நிறுத்தினார். பெரிய தளபதி வெலிங்டனுக்கு அது பிடிக்கவில்லை. வெற்றியின் பெருமையைப் பங்கு போட்டதுபோல் ஆகிவிடுமே! மேலிடத்து அதிருப்தி சைபோர்னை விடாமல் துரத்தியது. முடிவில் அந்தப் பிரஷ்யப் பொம்மைகள் பலவற்றை அவர் எடுத்துவிட்டார். மாதிரி இன்றும் லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுக்கப்பட்டவர்கள் எடுக்கப்பட்டவர்கள்தான்.

பார்த்தீர்களா? மெக்கெட்ரேயின் பலகையில் ஏழைத் தொழிலாளி நின்றதால் நாலாயிரம் ஆண்டு கழித்தும் அவன் உழைப்பு தெரிகிறது. சைபோர்னின் களத்திலிருந்து எடுத்துவிட்டதால், களத்தில் உண்மையாகவே நின்ற படை பார்ப்பவர் கண்ணுக்குக் குறைந்து போனது. பலகையில் யாரை ஒட்டுகிறோம், யாரைப் பிய்க்கிறோம் என்பது சாதாரண விஷயம் இல்லை!

அப்புறம் 1893-இல் இங்கிலாந்தில் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்கத் தொடங்கினார்கள். ஈயம் குறைந்ததால் விலையும் குறைந்தது. சாதாரண வீட்டுப் பிள்ளை கையிலும் படை வந்தது. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அந்தச் சிப்பாய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்கு விதிமுறைப் புத்தகமே எழுதினார். இப்போது பிளாஸ்டிக் காலம். ஆனாலும் காலடியில் ஒரு கட்டை, கட்டைக்கு மேல் கொஞ்சம் பசை, இது மாறவில்லை.

நம் பலகை எங்கே?

இப்போது நம் கதைக்கு வருவோம்.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்குப் போயின. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்துப் பரப்பினார். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. கன்றுகளின் எண்ணிக்கைகூட ஒன்று பிசகாமல் இருக்கிறது. ஆனால் அந்த மரத்தடியில் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நின்ற நம் பாட்டன் பாட்டிமார்? பழைய புகைப்படங்களைப் பாருங்கள். முன்னால் நிற்கிற துரைக்குப் பெயர் இருக்கும். பின்னால் நிற்பவர்களுக்குத் 'தமிழ்க் கூலிகள்' என்று ஒரே சொல்தான்.

1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்பும் நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் வந்தன. எத்தனையோ லயங்கள் இடிபட்டன. ஆயக்கொட்டகை போனது, பால் ஸ்டோர் போனது, பெரட்டுக் களம் போனது. கோயில் மட்டும் சில இடங்களில் தனியாக நிற்கிறது. பள்ளிகள் சில வேறு ஊருக்கே இடம் பெயர்ந்தன. எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது இன்று சில முதியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்கள் கண்ணை மூடினால் அந்த வரைபடமும் மூடிவிடும். பெற்றோர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மங்கு என்றால் என்ன, கட்டிப்பால் என்றால் என்ன என்று தெரியுமா?

கல்வெட்டு வைக்க நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு பலகைக்கும் கொஞ்சம் பசைக்குமா வழியில்லை?

செய்வது எப்படி?

முதல் வேலை கேட்பது. சைபோர்ன் கடிதம் எழுதிக் கேட்டாரே, அதுபோல நீங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். "பாட்டி, நீங்க இருந்த லயத்துக்கு எதிர்த்தாப்புல என்ன இருந்துச்சு? தண்ணிக் குழாய் எங்க? காலையில பெரட்டுக்கு எங்க நிப்பீங்க?" என்று கேளுங்கள். சைபோர்ன் அதிகாரிகளுக்குத்தான் எழுதினார். நீங்கள் பால் வெட்டியவரையும் கேளுங்கள், ஆயாவையும் கேளுங்கள், கிராணியாரையும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்து, தாளில் படம் போடுங்கள்.

இரண்டாவது அளவு. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பத்தடி அகல வீடு இரண்டரை அங்குலம் வரும். பத்து வாசல் கொண்ட லயம் 25 அங்குலத்துக்குள் அடங்கும். ஐந்தரை அடி மனிதர் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே வருவார். முழுத் தோட்டத்தையும் செய்ய ஆசைப்படாதீர்கள். ஒரு லயம், ஒரு பெரட்டுக் களம் போதும்.

மூன்றாவது பலகை. ஒட்டுப்பலகையாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் வர்ணம் பூசாதீர்கள். ஒரு பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசிக் காயவிடுங்கள்.

நான்காவது பசை. மர உருவத்தை மரத்தில் ஒட்ட, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே நல்லது. அது மரத்தின் நாருக்குள் இறங்கி, ஈரம் உலர உலர இறுகும். அதனால் ஒட்டும் இடத்தில் வர்ணம் இருக்கக்கூடாது. மணல்தாள் போட்டு மரத்தை வெளியே எடுங்கள். மெல்லியதாகத் தடவி, அழுத்தி, ஒரு ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். பசை கூடினால் பிடிப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கிலும் ஈயத்திலும் நார் இல்லை. அங்கே வெள்ளைப் பசை தோற்றுவிடும். இரண்டு குழாயைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையோ, சூப்பர் குளூவோ வேண்டும்.

இந்தச் சூப்பர் குளூவுக்கும் ஒரு கதை உண்டு. 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல்தான் அதன் அருமை புரிந்தது. 1958-இல் கடைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரம் பட்டே அது இறுகுகிறது. விரலிலும் ஈரம் உண்டு, ஜாக்கிரதை! பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

"நம்ம ரப்பர் பாலையே ஒட்டலாமே?" என்று யாராவது கேட்பீர்கள். துணிக்கும் தாளுக்கும் தோலுக்கும் ரப்பர்ப் பசை அருமையானது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதும் அதுதானே! ஆனால் அது இழுவையாக இருக்கும். உருவம் விறைப்பாக நிற்காது. நாளானால் ரப்பர் கெட்டும் போகும். பால் வாளியையும் மங்கையும் செய்து வையுங்கள், பாலைக் கொண்டு ஒட்ட வேண்டாம்.

எந்தப் பசை போட்டாலும், காலடியில் ஒரு குண்டூசியோ சின்ன முளையோ இறக்கிவிடுங்கள். எகிப்தியத் தச்சர் கற்றுக் கொடுத்த பாடம் அது. பசை களைத்துப் போனாலும் முளை தாங்கும்.

கடைசியாக ஒன்று. மெக்கெட்ரேயின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு மாவரைத்த அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. அந்தக் குறை நம் பலகையில் வேண்டாம். ஒவ்வொரு உருவத்தையும் ஒட்டும் முன்னே, எந்த இடத்தில் யார் என்று பலகையின் அடிப்பக்கம் மையால் எழுதுங்கள். இன்னார், இன்ன லயம், இத்தனையாவது வீடு, இன்ன வேலை. கங்காணியையும் நிறுத்துங்கள், துரையையும் நிறுத்துங்கள். யாரையும் பிய்க்க வேண்டாம். ஆனால் பால் வாளி தூக்கிய பாட்டியை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை அந்தப் பலகையைத் திருப்பிப் பார்க்கும்போது அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

தமிழ்ப்பள்ளி வாழ்க! உழைத்தவர் பெயர் நிலைக்க!